ஆய்வாளர் மேத்யூ ஆர்னால்டு

நுழையும்முன்

ஆங்கிலக் கவிஞர், திறனாய்வாளர் என்று உலகம் அறிந்த மேத்யூ ஆர்னால்டு, தம் வாழ்நாளில் 35 ஆண்டுகளைத் தொடக்கப்பள்ளிகளைப் பார்வையிடுவதில் கழித்தவர். ஓர் ஆசிரியரின் வருவாயைப் பேனாவின் ஒரு கீற்றால் குறைத்துவிடும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. அந்த அதிகாரம் பள்ளிக்குக் கேடு என்று, அதைக் கொடுத்த அரசிடமே அவர் வாதிட்டார். அந்தப் பணிவாழ்வைச் சொல்கிறது இப்பாடம்.

ஆய்வு நாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகள் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு நாளை எண்ணி நடுங்கின. அது பள்ளி ஆய்வாளர் வரும் நாள். அன்று பிள்ளைகள் உள்ளவற்றுள் நல்ல உடையை உடுத்து வந்தனர். நோயுற்றுப் படுத்திருந்த பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து வரிசையில் அமர்த்திய பள்ளிகளும் உண்டு. வராத பிள்ளைக்கு மானியம் கிடைக்காது என்பதே காரணம். வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று ஆசிரியர் முந்தைய நாள் இரவு முழுவதும் பார்த்திருப்பார்.

ஆய்வாளர் வந்து அமர்வார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து புத்தகத்தில் சில வரிகளைப் படிப்பர். பலகையில் சொல்வதை எழுதுவர். கணக்குப் போட்டுக் காட்டுவர். ஆய்வாளரின் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் தேர்ச்சி அல்லது தோல்வி என்ற குறி விழும். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தோற்றால் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்சு குறையும். 30 பிள்ளைகள் கணக்கில் தோற்றால் 4 பவுண்டு போய்விடும். ஒரு கிராமத்து ஆசிரியருக்கு அது சிறு தொகையன்று. அறையின் ஓரத்தில் நின்றபடி, அக்குறிகள் விழும் திசையையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி அட்டவணையுடன் அமர்ந்த ஆய்வாளர்களுள் ஒருவர், உயர்ந்த உருவமும் அடர்ந்த கன்னமீசையும் உடையவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியராகவும் விளங்கியவர். அவரே மேத்யூ ஆர்னால்டு.

தலைமையாசிரியரின் மகன்

1822 டிசம்பர் 24 அன்று, தேம்சு ஆற்றங்கரையில் உள்ள லேல்ஹாம் என்னும் சிற்றூரில் ஆர்னால்டு பிறந்தார். தந்தை தாமஸ் ஆர்னால்டு புகழ்பெற்ற கல்வியாளர். 1828இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்று, 1842இல் இறக்கும்வரை அப்பள்ளியை நாடே திரும்பிப் பார்க்கும்படி நடத்தியவர். ஆயினும் அது செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. மகன் பிற்காலத்தில் நாள்தோறும் காலடி வைத்த பள்ளிகளோ கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் படித்தவை. ஒரே நாட்டில் இருந்த இவ்விரு கல்வியுலகங்களுக்கும் இடையே பாதை ஏதும் இல்லை.

ஆக்ஸ்போர்டில் படித்த நாளில் ஆர்னால்டு படிப்பைவிட உடை அலங்காரத்துக்கும் வேடிக்கைப் பேச்சுக்கும் பெயர்பெற்றவராக இருந்தார். கவிதைக்குப் பரிசு வென்றார். இறுதித் தேர்விலோ இரண்டாம் வகுப்பே கிடைத்தது. 1847இல் லான்ஸ்டவுன் பிரபுவின் தனிச்செயலரானார். பிரபு, அரசின் கல்விக்குழுவுக்குத் தலைமை வகித்தவர். இதற்கிடையில் நீதிபதி வைட்மனின் மகள் பிரான்சிஸ் லூசியை ஆர்னால்டு விரும்பினார். நிலையான வருவாய் இல்லாத கவிஞருக்குப் பெண் கொடுக்க நீதிபதி தயங்கினார். பிரபுவின் உதவியால் 1851 ஏப்ரலில் பள்ளி ஆய்வாளர் பணி கிடைத்தது. ஜூனில் திருமணம் நடந்தது. கல்வித்தொண்டின்மீது எழுந்த வேட்கையால் அப்பணிக்கு வரவில்லை என்பதை ஆர்னால்டு ஒருபோதும் மறைத்ததில்லை. மணம் புரியவே அவ்வேலையை ஏற்றதாகப் பிற்காலத்தில் ஆசிரியர் கூட்டத்திலேயே ஒளிவின்றிச் சொன்னார்.

உதவ வந்த பதவி

ஆய்வாளர் என்னும் பதவி அப்போது புதிது. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிகளை அரசு நடத்தவில்லை. சமய அமைப்புகளே நடத்தின. 1833இல் பள்ளிக் கட்டடங்களுக்காக அரசு முதன்முதலில் 20,000 பவுண்டு ஒதுக்கியது. பொதுப்பணம் போகும் இடத்தைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? 1839இல் கல்விக்குழு அமைக்கப்பட்டு, இரண்டு ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். குழுவின் செயலராக இருந்த கே-ஷட்டில்வொர்த், 1840இல் அவர்களுக்கு அளித்த அறிவுரை நினைவில் கொள்ளத்தக்கது. பள்ளிகளை ஆட்டிப்படைக்க ஆய்வாளரை அனுப்பவில்லை, துணைபுரியவே அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். ஓர் ஊரில் கண்ட நல்ல கற்பித்தல் முறையை அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்பவராகவே அன்றைய ஆய்வாளர் எண்ணப்பட்டார்.

இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகளைக் குருமார்களே ஆய்வு செய்தனர். ஆர்னால்டு குருவல்லர். ஆகவே, அத்திருச்சபையைச் சாராத கிறித்தவப் பிரிவினர் நடத்திய பள்ளிகள் அவருக்கு ஒதுக்கப்பட்டன. அவை நாடெங்கும் சிதறிக் கிடந்தன. இங்கிலாந்தின் நடுப்பகுதியும் வேல்சின் பெரும்பகுதியும் அவருடைய எல்லைக்குள் வந்தன. புகைவண்டியில் இறங்கி, குதிரைவண்டி ஏறி, சேற்றுவழியில் நடந்து பள்ளியை அடைய வேண்டும். அறை குளிரும். உணவு கிடைத்தால் உண்டு. இடவசதியற்ற ஓர் அறையில் மாணவ ஆசிரியர் 30 பேரைத் தேர்வு செய்த ஒருநாள், இரக்கமுள்ள ஒரு பெண்மணி தந்த பிஸ்கட் ஒன்றே அவருக்கு உணவாயிற்று. இளம் மனைவியும் உடன் பயணம் செய்தார். சில ஆண்டுகள் அவர்களுக்கென்று வீடே இல்லை. குழந்தைகளுள் ஒன்று டெர்பி நகரின் வாடகை அறையில் பிறந்தது. அதன் பின்புறம் ஏழையர் விடுதி. எதிரே சீர்திருத்தச் சிறை.

தொடக்கத்தில் இப்பணியில் நீடிக்க இயலாது என்றே ஆர்னால்டு நினைத்தார். ஆனால் 1851 அக்டோபரிலேயே, மான்செஸ்டர் நகரத்துப் பள்ளியொன்றில் இருந்தபடி மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குரல் மாறத் தொடங்கிவிட்டது. பள்ளிகள் அப்பிள்ளைகளிடம் உண்டாக்கும் மாற்றம் மிகப்பெரியது. நாளைய நாட்டின் அரசியலைப் பெருமளவு தம் கையில் ஏந்தப்போகும் உழைக்கும் வகுப்பினரைப் பண்படுத்துவதில் அவற்றின் பங்கு முதன்மையானது. ஆகவே இவ்வேலை தம்மை ஈர்த்துவிடும் என்று அவர் எழுதினார்.

ஆசிரியரின் இடத்தில் நின்று

அவரை அப்பணியில் நிலைநிறுத்தியது கொள்கை மட்டும் அன்று; அவர் நாள்தோறும் கண்ட ஆசிரியர்களும்தாம். ஆசிரியரின் வேலை தம் வேலையைப் போலவே சலிப்பூட்டுவது, தம் வேலையைவிடக் குறைந்த ஊதியம் உடையது என்பதை அவர் கண்டார். அவர்களுக்கும் விரும்பிய இடம் போகவும் விரும்பியதைச் செய்யவும் ஆசை இராதா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். மெல்ல மெல்ல, ஒரு பள்ளிக்குள் நுழையும்போது அங்குள்ள ஆசிரியரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. ஆய்வு செய்யப்போன இடத்தில் பாடம் கற்றவர் தாமே என்று அவர் பின்னாளில் சொன்னதில் பணிவு நாடகம் இல்லை.

அன்றைய ஆசிரியர் உருவான வழி கடினமானது. 13 வயதில் ஒரு பிள்ளை, தான் படித்த பள்ளியிலேயே ஐந்தாண்டு மாணவ ஆசிரியராகச் சேரும். பகலெல்லாம் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கும். தலைமையாசிரியரிடம் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பாடம் கேட்கும். முதலாண்டில் 10 பவுண்டும் ஐந்தாம் ஆண்டில் 20 பவுண்டும் அரசு கொடுக்கும். பிறகு திறமையிருந்தால் பயிற்சிக் கல்லூரி. அங்கிருந்து சான்றிதழ் பெற்று வரும் ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஒரு தொகை வழங்கியது. இதனால் ஊர்ப் பாதிரியாரையும் பள்ளி நிருவாகிகளையும் மட்டுமே அண்டி வாழவேண்டிய நிலை சற்றே நீங்கிற்று. ஆயினும் ஆய்வாளரின் உலகம் ஆசிரியரின் உலகத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள். எத்தனை ஆண்டுகள் திறம்படக் கற்பித்தாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆய்வாளராக உயரும் வழி அன்று இல்லை. 1870இல் ஆசிரியர்கள் தேசிய அளவில் சங்கம் அமைத்தபோது, இக்கதவைத் திறக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

1859இல், கல்வி குறித்து ஆராய அமைக்கப்பட்ட நியூகாசில் ஆணையம் ஆர்னால்டைப் பிரான்சு, ஆலந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. பிரெஞ்சுக் கிராமத்து ஆசிரியர் எளியவர். ஆனால் அவர் நாட்டின் ஊழியர் என்னும் மதிப்போடு நின்றார். ஆலந்தின் ஆய்வுமுறை ஆர்னால்டைப் பெரிதும் கவர்ந்தது. ஊருக்குத் திரும்பும்போது, தம் நாட்டிலும் அரசு பள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் உறுதிப்பட்டிருந்தது. அரசின் எண்ணமோ வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

விளைவுக்கேற்ற கூலி

கல்விச் செலவு ஆண்டுதோறும் ஏறியது. கிரிமியப் போரின் செலவுச்சுமையும் சேர்ந்தது. கல்விக்குழுவின் துணைத்தலைவராக இருந்த ராபர்ட் லோ சிக்கனத்தில் உறுதியானவர். பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கே ஆசிரியர்கள் கவனம் செலுத்துகின்றனர், சிறுபிள்ளைகள் எழுத்தறியாமலே போகின்றனர் என்று நியூகாசில் ஆணையம் குறை கூறியிருந்தது. அக்குறை முற்றிலும் பொய்யன்று. அதற்கு லோ கண்ட மருந்துதான் கொடியது. 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதித்தொகுப்பு, மானியத்தைத் தேர்வு முடிவோடு கட்டிவிட்டது. புதிய முறை மலிவாக இல்லாவிட்டால் பயனுடையதாக இருக்கும், பயனுடையதாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று லோ நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார்.

முறை இதுதான். சராசரி வருகையைக் கொண்டு பிள்ளைக்கு 4 ஷில்லிங் மானியம். 200 முறைக்குமேல் பள்ளிக்கு வந்த பிள்ளை ஆய்வாளர் முன் தேர்வெழுதினால் மேலும் 8 ஷில்லிங். படித்தல், எழுதுதல், கணக்கு என்னும் மூன்றில் எதில் தோற்றாலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. பாடங்கள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டன. முதல் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையைப் படிக்க வேண்டும். 20 வரை எண்களை எழுத வேண்டும். ஆறாம் தரத்துப் பிள்ளை செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். ஒரே தரத்தில் ஒரு பிள்ளையை இருமுறை தேர்வுக்கு நிறுத்த முடியாது. ஆசிரியருக்கு அரசு நேரே கொடுத்துவந்த தொகை நின்றது. மானியம் முழுவதும் நிருவாகிகளிடம் போனது. ஆசிரியர் அவர்களிடம் பேரம் பேசித் தம் கூலியைப் பெற வேண்டியதாயிற்று. பல பள்ளிகளில் மானியத்தின் ஒரு பங்கே ஊதியம் என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. மதிப்பெண் குறையும்போது ஆசிரியரின் அடுப்பெரியும் அளவும் குறைந்தது.

ஆர்னால்டு அரசின் ஊழியர். கல்வித்துறையின் செயலர் ரால்ஃப் லிங்கென், ஆக்ஸ்போர்டில் அவருக்குக் கற்பித்தவர்; இப்போது அவருடைய மேலதிகாரி; புதிய விதித்தொகுப்பின் உறுதியான ஆதரவாளர். மேலே லோ. குடும்பமோ வளர்ந்துகொண்டிருந்தது. இந்நிலையில் 1862 மார்ச்சில் ஃபிரேசர் இதழில் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதி அவ்விதித்தொகுப்பைத் தாக்கினார். பெயர் போடவில்லை என்றாலும் எழுதியவர் யார் என்பது மறைபொருளாக இல்லை. கட்டுரை தனி நூலாகவும் அச்சாகி நாடாளுமன்ற உறுப்பினரிடையே பரவியது. வேலை போனாலும் போகலாம் என்று அவர் மனைவிக்கு எழுதினார். தெருவில் விடப்பட்டாலும் விரைவில் மீண்டும் எழுந்து நிற்போம் என்று தேறுதலும் சொன்னார்.

அக்கட்டுரையின் வாதம் எளிது. ஏழைவீட்டுப் பிள்ளை புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வருகிறது. அதற்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஓராண்டின் முடிவில் அது ஒரு பத்தியைத் தடுமாறிப் படித்தால், பள்ளி அதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று பொருளாகுமா? ஒழுங்கு, தூய்மை, பிறரோடு பழகும் பண்பு, கேள்வி கேட்கும் ஆர்வம் ஆகியவற்றைப் பள்ளி கொடுத்திருக்கும். அவற்றுக்கு அட்டவணையில் கட்டமில்லை. மிக வறிய பிள்ளைகளை வைத்திருக்கும் பள்ளியே மிகுதியாகத் தோற்கும். உதவி மிகவும் தேவைப்படும் இடத்திலேயே உதவி வெட்டப்படும். ஆய்வாளரோ பள்ளியின் முழு வாழ்வையும் பார்க்க நேரமின்றி, பெயர்களுக்கு நேரே குறிபோடும் எழுத்தராகிவிடுவார்.

ஆர்னால்டின் வேலை போகவில்லை. விதித்தொகுப்பும் போகவில்லை. ஒருசில திருத்தங்களுடன் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு 24 ஆண்டுகள், தாம் கண்டித்த முறையைத் தாமே நடத்திக்கொடுக்கும் நிலை அவருக்கு வந்தது. அவர் பதவி விலகவில்லை. குடும்பத்தின் தேவை அதற்கு ஒரு காரணம். அதை வைத்து அவரைக் குறைகூறுவோர் கூறலாம். ஆனால் அரசுக்கு அனுப்பிய அறிக்கைகளில் அவர் ஆண்டுதோறும் அதே குற்றச்சாட்டை எழுதிக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

அறிக்கைகளில் ஒரு போராட்டம்

புதிய முறை பள்ளிக்குள் செய்த வேலையை அவரைப்போல் அருகிலிருந்து எழுதியவர் சிலரே. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தைத் திரும்பத்திரும்பப் படித்து ஏறத்தாழ நெட்டுருச் செய்துவிட்டனர். ஆய்வாளர் முன் கண் புத்தகத்தில் இருக்கும். வாய் நினைவிலிருந்து சொல்லும். அதே தரத்தில் உள்ள வேறொரு புத்தகத்தைக் கொடுத்தால் திணறுவர். ஆகவே படிக்கத் தெரியாத பிள்ளையைப் படித்தலில் தேறவைக்க முடியும், எழுதத் தெரியாத பிள்ளையை எழுதுதலில் தேறவைக்க முடியும் என்று ஆர்னால்டு அறிக்கையில் எழுதினார். ஆய்வாளர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்து விதியை மாற்றினால், ஆசிரியர் அதற்கு மாற்றுத் தந்திரம் காண்பார். ஆய்வு என்பது இருவரும் ஆடும் விளையாட்டாகிவிட்டது. ஆசிரியரை அவர் குற்றவாளியாகக் கருதவில்லை. வயிற்றைத் தேர்வோடு கட்டினால் மனிதர் வேறு என்ன செய்வர் என்பதே அவர் பார்வை.

வரலாறும் நிலநூலும் இலக்கணமும் மானியம் ஈட்டாததால் பல பள்ளிகளில் தேய்ந்தன. மாணவ ஆசிரியரை வைத்துக்கொள்வது நிருவாகிகளுக்குச் செலவாகத் தோன்றியது. 1861இல் 36 பிள்ளைகளுக்கு ஒரு மாணவ ஆசிரியர் என்றிருந்த நிலை, 1866இல் 54 பிள்ளைகளுக்கு ஒருவர் என்றாயிற்று என்று தம் அறிக்கையில் ஆர்னால்டு கணக்குக் காட்டினார். அரசின் செலவு குறைந்தது உண்மை. லோ அளித்த இரண்டு வாக்குறுதிகளுள் மலிவு மட்டும் தவறாமல் நிறைவேறிற்று.

ஒவ்வொரு பள்ளியும் நாட்குறிப்பேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் புதிய விதி. ஆய்வாளரின் முடிவுரை அதில் வரிமாறாமல் எழுதப்படும். அடுத்த ஆண்டு அவர் வரும்போது அப்பக்கம் அவர்முன் விரிந்திருக்கும். ஆசிரியரின் சான்றிதழிலும் ஆய்வாளரின் குறிப்பு ஏறும். இவ்வாறு ஓர் ஆசிரியரின் வாழ்வு இரண்டு மூன்று வரிகளுக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில், அவ்வரிகளை எழுதியவர்களும் முழு உரிமை உடையவர்களாக இல்லை. ஆய்வாளர்களின் அறிக்கைகளில் அரசின் கொள்கைக்கு ஒவ்வாத பகுதிகளைத் துறை நீக்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு 1864இல் நாடாளுமன்றத்தில் வெடித்தது. அவை அக்குற்றச்சாட்டை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்ற, லோ பதவி விலகினார். பின்னர் அமைந்த குழு அவர்மேல் தனிப்பட்ட குற்றமில்லை என்றது. அவர் போனாலும் அவருடைய விதித்தொகுப்பு இருந்தது. அது கடல் கடந்தும் பரவியது. சென்னை மாகாணத்தின் தொடக்கப்பள்ளிகளும் தேர்வு முடிவுக்கேற்ற மானிய முறையின்கீழ் வந்தன. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் திண்ணைப்பள்ளி ஆசிரியருக்கும் வியர்த்ததற்கு அம்முறையும் ஒரு காரணம்.

வகுப்பறையில் அவர்

வகுப்பறையில் ஆர்னால்டு கண்டிப்பானவர் என்று பெயரெடுக்கவில்லை. ஒரு கிராமப்பள்ளியில் நடந்ததாக அவருடைய நண்பர்கள் ஒரு செய்தியைச் சொல்லி மகிழ்வதுண்டு. ஒரு சிறுவனிடம் நாய் என்னும் சொல்லின் எழுத்துகளை அவர் கேட்டார். அவன் சரியாகச் சொன்னதும், தம்மாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்று பாராட்டினார். அடுத்துப் பூனைக்குப் போனார். அதற்கும் அதே பாராட்டு. அவர் தேர்வு நடத்திய முறை தளர்வானது என்று உடன்பணியாளர் சிலர் குறைபட்டனர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. 2 ஷில்லிங் 8 பென்சு வெட்டும் கத்தியைக் கையில் பிடித்த ஒருவர் அதை எவ்வளவு அழுத்தினார் என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

ஆனால் கல்வியின் தரத்தில் அவர் தளர்ந்தவரல்லர். பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகப் பகுதியைத் தம் நடையில் எழுத நேர்ந்தது. நோயுற்ற மனத்துக்கு மருந்து செய்ய இயலாதா என்று மக்பெத் மருத்துவரைக் கேட்கும் இடத்தை, பைத்தியக்காரனுக்குப் பணிவிடை செய்யக் கூடாதா என்று அவர் மாற்றியிருந்தார். ஆர்னால்டு இதைத் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அந்த இளைஞரின் பெயர் அங்கு இல்லை. தகவல்களைத் திணிக்கும் பயிற்சி, ஒரு நல்ல வரியைச் சுவைக்கும் உணர்வைக்கூட அவருக்குத் தரவில்லை என்பதே ஆர்னால்டின் வருத்தம். மாணவ ஆசிரியரும் பிள்ளைகளும் சிறந்த கவிதைகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் இடைவிடாது வலியுறுத்தினார். நெட்டுருவை எதிர்த்தவர் கவிதையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னது முரணன்று. ஒன்று ஆய்வு நாளோடு மறந்துபோகும். மற்றொன்று ஆயுள் முழுவதும் உடன்வரும் என்று அவர் நம்பினார்.

1868ஆம் ஆண்டு அவர் வீட்டை இருள் சூழ்ந்தது. அவ்வாண்டில் இரண்டு மகன்களையும் 1872இல் மூன்றாம் மகனையும் அவர் இழந்தார். ஆய்வுப்பயணங்களும் விடைத்தாள் கட்டுகளும் நிற்கவில்லை. அவருடைய கவிதைகளுள் பெரும்பாலானவை இளமையிலேயே எழுதப்பட்டவை. பிற்காலத்தில் கவிதை அருகி உரைநடை பெருகியது. ஆய்வுப்பணியே கவிஞரைக் கொன்றது என்று வருந்துவோர் உளர்.

1870இல் கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஃபார்ஸ்டர், ஆர்னால்டின் தமக்கை ஜேனின் கணவர். பள்ளி இல்லாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக்குழுக்கள் பள்ளி தொடங்கலாயின. சமயப்பிரிவு வாரியான ஆய்வு ஒழிந்தது. ஆர்னால்டின் எல்லை இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியாகச் சுருங்கியது. அங்குள்ள ஆசிரியர்கள் அவரை ஆண்டுக்கணக்கில் நெருங்கி அறிந்தனர். 1884இல் தலைமை ஆய்வாளர்களுள் ஒருவரானார்.

விடைபெறல்

பணியின் இறுதி ஆண்டில், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் தொடக்கக்கல்வியைப் பார்த்துவரும்படி அரசு அவரை அனுப்பியது. தேர்வு முடிவுக்கேற்பப் பள்ளிக்குப் பணம் அளக்கும் வழக்கம் அங்கு எங்கும் இல்லை என்பதை 63 வயதில் மீண்டும் ஒருமுறை அறிக்கையாக எழுதிக்கொடுத்தார். அப்போது கூடியிருந்த அரச ஆணையத்தின் முன்பும் சான்றளித்தார். 1886இல் ஓய்வு பெற்றார்.

அவ்வாண்டு நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆசிரியர்கள் கூடி அவருக்கு வழியனுப்பு விழா நடத்தினர். 35 ஆண்டுகள் தங்களைத் தேர்வு செய்த அதிகாரிக்கு ஆசிரியர்கள் நடத்திய விழா அது. அங்குதான் ஆர்னால்டு மனம் திறந்தார். இவ்வேலைக்குத் தாம் எந்தப் பயிற்சியும் இன்றி வந்ததையும், வீடின்றி மனைவியோடு அலைந்த நாள்களையும், டெர்பியில் பிறந்த குழந்தையையும் நினைவுகூர்ந்தார். எப்படித்தான் இவர்கள் இதைப் பொறுத்துச் செய்கிறார்கள் என்று ஆசிரியர்களைப் பார்த்து வியந்ததையும், அவர்களின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்த பழக்கம் தம்மைக் காத்ததையும் சொன்னார்.

1888 ஏப்ரல் 15 அன்று, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மகள் லூசியை எதிர்கொள்ளச் சென்ற இடத்தில், லிவர்பூல் நகரில் அவர் உயிர் திடீரெனப் பிரிந்தது. லேல்ஹாமில், தம் பிள்ளைகளின் கல்லறைகளுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1890இல் வெளியான புதிய விதித்தொகுப்பு, படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைக்குப் பிள்ளை தேர்வு வைத்துப் பணம் வெட்டும் முறையின் பெரும்பகுதியை நீக்கியது. இந்தியாவின் பள்ளிகளில் அது மேலும் சில ஆண்டுகள் நீடித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.